துண்டுக்கடியில் ஒரு பாஸ்வேர்ட்

"ஐயோ... போச்சு! எல்லாமே போச்சு!"

ஸ்ரீலேகா போட்ட அலறலில் நல்லேப்பிள்ளி வயலில் நின்ற கொக்குகள்கூட எழுந்து பறந்தன.

மேஜைமேல் கம்ப்யூட்டர். திரையில் ஜீப்பைக் கண்காணிக்கும் இணையதளம். பெயர்க் கட்டம் காலி. பாஸ்வேர்ட் கட்டமும் காலி!

முந்தாநாள் வரை அந்தப் பக்கத்தைத் திறந்தாலே போதும். இரண்டு கட்டங்களும் தாமாகவே நிரம்பிக்கொள்ளும். அடுத்த நொடி வரைபடம் விரியும். அவள் கணவன் நாராயணின் ஜீப் எங்கே நிற்கிறது என்று ஒரு சிவப்புப் புள்ளி காட்டிக்கொடுக்கும்.

நேற்றுக் காலை அந்த ஜீப்பில் போனவன்தான் நாராயண்... இன்னும் வீடு திரும்பவில்லை!

போன்? ஸ்விட்ச் ஆஃப்!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விஷயம் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது.

இன்சுலின்!

நாராயணுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி இல்லாமல் ஒரு நாள் தாங்குவதே பெரும்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று கிளம்பியவன் மருந்தை எதற்கு எடுத்துப்போகப் போகிறான்?

"அண்ணி, கத்தாதீங்க. விண்டோஸ் அப்கிரேடு பண்ணினா சில சமயம் இப்படித்தான் ஆகும்."

சோபாவில் சாய்ந்திருந்த ஸ்ரீஜித் சொன்னான். நாராயணின் சித்தப்பா மகன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து, வேலை போய், ஊரோடு வந்து சேர்ந்தவன். 'பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பில்லை' என்று நேற்று மதியம் வலிய வந்து புதுசு போட்டுக் கொடுத்ததும் இதே புண்ணியவான்தான்.

"ஃபைலெல்லாம் இருக்குது. போட்டோகூட இருக்குது. பாஸ்வேர்டு மட்டும் எப்படிங்க போகும்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க அண்ணி."

'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்ற வரியை ஸ்ரீலேகா அழுத்தினாள். ஓ.டி.பி. அனுப்பியாச்சு என்றது திரை. யாருக்கு? அணைந்து கிடக்கும் நாராயணின் போனுக்கு! ஜீப்பில் பொருத்திய கண்காணிப்புக் கருவியை விற்ற கம்பெனியைக் கூப்பிட்டாள். இன்று விடுமுறை, நாளை அழையுங்கள் என்று ஒரு இயந்திரக் குரல் இனிமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

நாளையா? நாளைக்கு அவன் இருப்பானா?

"அண்ணன் நேத்தே எனக்குப் போன் பண்ணினாரு அண்ணி. அப்படியே நம்ம ஆனைக்கரை ஏலத்தோட்டத்துக்குப் போறேன்னாரு. குமுளிப் பக்கம் உருள்பொட்டல்னு டி.வி.ல காட்டறாங்க. மலை சரிஞ்சு ரோட்டையே காணோம். போலீசு அங்கதான் தேடிட்டிருக்கு. நாம காத்திருக்கத்தான் வேணும்."

"மருந்தில்லாம அவரு இடுக்கிக்குப் போவாருங்களா? பக்கத்துத் தெருவா அது?"

ஸ்ரீஜித் தோளைக் குலுக்கினான்.

ஸ்ரீலேகாவுக்கு அந்தக் குலுக்கல் பிடிக்கவில்லை. போனை எடுத்தாள்.

"ஷபீரு... உடனே ஊட்டுக்கு வா! அண்ணன் உசிரு உன்ற கையிலதான் இருக்குது!"

ஸ்ரீஜித் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வெளியாள் எதுக்குங்க அண்ணி? நான் இருக்கறேன்ல?"

"நீங்கதான் ஒண்ணும் பண்ண முடியாதுங்கறீங்களே!"

*

ஷபீர் புல்லட்டில் பறந்து வந்தான். வேலந்தாவளத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவன் வாப்பா மம்மது ராவுத்தரும் ஸ்ரீலேகாவின் அப்பா ஆறுமுகசாமியும் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் கூட்டுத் தரகர்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ராவுத்தர் இன்றும் சந்தை தவறுவதில்லை.

ஷபீர் கம்ப்யூட்டரைக் குடைந்தான். ஸ்ரீஜித் அவன் தோளுக்குப் பின்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க்கா, பாஸ்வேர்டு எங்கயும் போகலீங்க. இங்கயேதான் இருக்குது!"

"இருக்குதா!" ஸ்ரீலேகா துள்ளினாள்.

"இருக்குது... ஆனா பூட்டிக் கெடக்குதுங்க. சாவி பொருந்த மாட்டேங்குது."

"கெட்டுப் போயிருக்கும்பா. விட்ரு!" என்றான் ஸ்ரீஜித்.

"வெறும் அப்கிரேடுக்கு இந்தப் பூட்டு கெடாதுங்களே. கம்ப்யூட்டருக்குள்ள நுழையறதுக்கு ஒரு பாஸ்வேர்டு போடுவோம்ல? அதுதான் எல்லாத்துக்கும் சாவி. அது தெரியாம, வெளியிலிருந்து உடைச்சுப் புதுசு வெச்சாத்தான் உள்ள சேமிச்சதெல்லாம் திறக்காது."

"யாரு உடைச்சா? அண்ணன்தான் பழசைச் சொன்னாரு. அதைப் போட்டு உள்ள போயித்தான் புதுசு மாத்தினேன்!"

"அட, அப்படீங்களா? அப்பொ வேலை சுலபமுங்க!" ஷபீரின் முகம் மலர்ந்தது. "அந்தப் பழசைச் சொல்லுங்க. திரும்ப அதையே வெச்சா எல்லாப் பூட்டும் திறந்துக்கும்!"



ஸ்ரீஜித் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அது... மறந்துபோச்சு!"

ஷபீரின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி ஸ்ரீலேகாவைப் பார்த்தான்.

 

ஸ்ரீலேகாவுக்கும் புரிந்துவிட்டது. பழைய பாஸ்வேர்ட் இவனுக்குத் தெரியவே தெரியாது. உடைத்துத்தான் நுழைந்திருக்கிறான். ஜீப்பில் அந்தக் கருவி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது நாராயணுக்கு மட்டுமே தெரியும். அதைப் பிடுங்கிப்போட முடியாதவன், அதைப் பார்க்கும் கண்ணைக் குருடாக்கியிருக்கிறான்!

அப்படியானால் நாராயண்...?

ஸ்ரீஜித்தின் போன் அடித்தது.

"ம்... நான் சொல்ற வரைக்கும் இருடா ரிஜோ. நான் சொன்னப்புறம் பாத்துக்க."

வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். "ஃப்ரெண்டு அண்ணி!"

 கத்தினால் போச்சு. போலீஸ் என்று வாயெடுத்தாலும் போச்சு. இவன் ஒரே ஒரு போன் போட்டால் அங்கே நாராயணின் கதை முடிந்துவிடும்!

பழைய பாஸ்வேர்ட்... அது மட்டும் தெரிந்தால்...!

கடவுளே!

தெரியும்! அவளுக்குத் தெரியும்!

கம்ப்யூட்டர் வாங்கிய அன்று 'பாஸ்வேர்டு என்னங்க?' என்று அவள் கேட்டபோது பக்கத்தில் இதே ஸ்ரீஜித் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நாராயண் கண்ணடித்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போர்த்தி, அடியில் விரல்களைப் பிடித்துப் பிடித்து விட்டான். சந்தையில் தரகர்கள் மாட்டு விலை பேசுவது அப்படித்தான். எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அதுதான் எண். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு மண்ணும் விளங்காது. தரகர் மகளுக்கா விளங்காது? அன்று வெட்கத்தில் கையை உதறிக்கொண்டு ஓடினாளே தவிர, அந்த அழுத்தம் ஒவ்வொன்றும் கையில் அப்படியே பதிந்திருந்தது.

ஸ்ரீலேகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"செரி, ஷபீரு. ஆகாததுக்கு நீ என்ன பண்ணுவே? வந்ததுக்குக் கூலியைப் பேசிக்கலாம். நீட்டு கையை!"

கொடியில் தொங்கிய நாராயணின் துண்டை உருவினாள்.

ஷபீர் விழித்தான். "இப்பப் போயி... கூலியாங்க்கா?"

"நீட்டுன்னா நீட்டு!"

ஸ்ரீஜித் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஊட்டுக்காரரைக் காணோம்... இந்த நேரத்துலயும் பேரமா அண்ணி? மாட்டுத் தரகர் புத்தி போகவே போகாதுங்களா?"

"ரத்தத்துல ஊறினது எங்கே போகும்?" என்றாள் அவள்.

துண்டுக்கடியில் அவள் விரல்கள் ஷபீரின் விரல்களைத் தேடின. முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். இரண்டு விரல். விட்டாள். மறுபடி முழுக் கை. விட்டாள். கடைசியாக ஒரே ஒரு விரலை, நகம் பதிய அழுத்தினாள்.

ஷபீர் முதலில் புருவம் சுருக்கினான். இது எந்த ஊர்க் கூலி? பிறகு அவள் கண்ணைப் பார்த்தான். நீர் முட்டி நின்ற அந்தக் கண்கள் மெல்லக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தன.

மம்மது ராவுத்தரின் மகனுக்கு விளங்கிவிட்டது!

"கட்டுப்படியாகுமுங்க்கா," என்றான். "சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணிட்டுக் கெளம்பறேன்."

ஸ்ரீலேகா தடாலென்று தரையில் விழுந்தாள்.

"ஐயோ... என்னைத் தனியா உட்டுட்டுப் போயிட்டாரே!"

"அண்ணி! அண்ணி!" ஸ்ரீஜித் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தான். அவன் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். விழுந்தது நாடகம். அழுகை நிஜம்.

பின்னால் கீபோர்ட் படபடத்தது. கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து மறுபடி முனகியது. அவள் அழுகையின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஷபீர் எழுந்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு... உதட்டைப் பிதுக்கினான்.

"முடியலீங்க்கா."

 முடியவில்லையா? தப்பாகப் பிடித்துவிட்டேனா? எந்த விரல் தப்பு? நாராயண்... என் கையாலேயே உங்களைக் கொன்றுவிட்டேனா?

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?" ஸ்ரீஜித் சோபாவில் சாய்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க்கா," என்றான் ஷபீர்.

கொடுத்தாள். அந்த ஒரு டம்ளர் தண்ணீரை அவன் குடித்துக்கொண்டே இருந்தான். குடித்தான்... வைத்தான்... வாசலைப் பார்த்தான்... மறுபடி எடுத்துக் குடித்தான். பிறகு டீ கேட்டான்; ஒரு மணி நேரம் ஓடியும் கிளம்பவில்லை. ஸ்ரீலேகாவுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் பொங்கியது.

ஸ்ரீஜித்தின் போன் அலறியது!

"சொல்லுடா ரிஜோ..."

"ரிஜோ பேச முடியாதுங்க தம்பி. வாயில துணி இருக்குது."

மம்மது ராவுத்தரின் சந்தைக் குரல்! ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது.

ஸ்ரீஜித்தின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. ஷபீர் பாய்ந்து எடுத்தான்.

"வாப்பா! அண்ணன் எப்படி இருக்காரு?"

"மயக்கத்துல கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து ஊசி போட்டாச்சு. இப்பத்தான் கண்ணைத் தொறந்தாரு. இந்தா, பேசறாரு..."

"லேகா..."

ஷபீர் அவள் காதில் வைத்த போனில் காற்றுப் போன குரல். ஆனால் அவன் குரல்!

"ஏனுங்க..." அவள் போனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"ஏலத்தோட்டத்தை... அவன் பேருக்கு எழுதிக் கேட்டான். கையெழுத்துப் போட்டாத்தான்... ஊசின்னான். நான் போடல லேகா..."

ஸ்ரீலேகா திரும்பினாள்.

பளார்!

ஸ்ரீஜித் சோபாவோடு சாய்ந்தான். எழுந்தான். வாசலுக்குப் பாய்ந்தான். பாய்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கேட்டுக்குக் குறுக்கே ஒரு மாட்டு லாரி. அதிலிருந்து சந்தை ஆட்கள் திமுதிமுவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போலீஸ் ஜீப்!

ஸ்ரீஜித் வெளிறிப்போய் ஷபீரைப் பார்த்தான்.

"முடியலைன்னுதானேடா சொன்னே?"

"முடிஞ்சுதுன்னு சொன்னா நீங்க ரிஜோவுக்குப் போன் போட்டிருப்பீங்களே! சந்தைக்குப் பின்னாடி மூடிக் கெடக்கற கோழிப்பண்ணையில ஜீப்பு நின்னுட்டிருந்தது. படம் புடிச்சு வாப்பாவுக்கு அனுப்பினேன். இன்னைக்குச் சந்தை நாளுங்க. ஆளுக்கா பஞ்சம்?"

"பாஸ்வேர்டு... அது எப்படி உனக்கு...?"

"கூலி பேசினோமே, நீங்ககூடச் சிரிச்சீங்களே!"

இன்ஸ்பெக்டர் கபிரியேல் உள்ளே வந்து ஸ்ரீஜித்தின் காலரைப் பிடித்தார்.

ஸ்ரீலேகா ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து ஓடினாள். ஷபீர் புல்லட்டை உதைத்துக் கிளப்பினான். கேட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த ஸ்ரீஜித்தை எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க, அப்கிரேடு மட்டும் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க! கூலியை ஸ்டேஷன்ல குடுப்பாங்க... வேணாம்னு சொல்லாம வாங்கிக்கங்க!"