நான்காம் படுக்கையின் காய்ச்சல்

அவள் அடித்தது 100.2. பட்டியலில் நின்றது 100.9.

கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டு ராத்திரி தூங்காத கண், எதைத்தான் ஒழுங்காகப் பார்க்கும்? மதியம் மூன்று மணிக்கே மழைமேகம் இறங்கி வந்து ஹாலை மங்கலாக்கியிருந்தது. எழுந்து லைட் போடவும் அலுப்பாக இருந்ததால் திரையின் வெளிச்சத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து ஃபேனின் கிர்ர் சத்தமும், அதற்கு நடுநடுவே அடைத்த மூக்கால் மகள் இழுக்கிற மூச்சும், காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாசனையும், நெற்றியில் போட்டெடுத்த ஈரத்துணியின் வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தன.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் சுண்டு. சுண்டுவின் அப்பா வேலை விஷயமாக வெளியூர் போய் நான்கு நாளாகிறது. அவர் கிளம்பிய மறுநாளே காய்ச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தானே இதெல்லாம் வரும்.

இவள் புரோகிராமர். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதுகிற புரோகிராம், மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெரிய விண்டோவில் இருபது படுக்கைகளின் பட்டியல். ஒரு படுக்கையைத் தட்டினால் சின்ன விண்டோ திறக்கும். அதில் பிள்ளையின் பெயர், வயது, எடை, காய்ச்சல், கூட இருப்பவர், ஒரு புகைப்படம். நிரப்பிவிட்டு ‘சரி’ தட்டினால் சின்ன விண்டோ போய்விடும், அதிலிருந்த விவரம் பெரிய விண்டோவுக்கு வந்துவிடும். இங்கேயிருந்து அங்கே கொடுக்க வேண்டும், அங்கேயிருந்து இங்கே வாங்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

சோதித்துப் பார்க்கும்போது வாய்க்கு வந்த பெயரை அடிப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். ‘கககக’ என்று அடிப்பவர்கள் உண்டு, பிடிக்காத மேனேஜரை ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பவர்களும் உண்டு. இவளுக்கோ நினைப்பெல்லாம் உள்ளறையில். நான்காம் படுக்கையைத் தட்டி, சுண்டு என்று அடித்தாள். வயது 6. எடை 17. காய்ச்சல் 100.2. கூட இருப்பவர், அம்மா. படம் கேட்ட சாம்பல் கட்டத்தை மட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டாள்.

இப்போது 100.9 என்கிறது சனியன்.

அழித்துவிட்டு மறுபடி 100.2 அடித்து, ‘சரி’ தட்டினாள். வந்தது. நின்றது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் 101.4.

ஏனென்று தெரியாமலே தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பின்னங்கழுத்தில் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. அக்குளில் வைத்து, அது ‘பீப்’ என்கிற வரை அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

101.4.

ஹாலுக்கு வந்து சீனியருக்குப் போன் போட்டாள். ஆபீஸில் யாருக்கு எங்கே மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“அண்ணா, விண்டோ விட்டு விண்டோ டேட்டா போறதுல ஏதோ குளறுபடி. நான் தொடாமயே நம்பர் மாறுது.”

எழுதியதை அனுப்பச் சொல்லிப் பார்த்தார். சிரித்தார்.

“ஏம்மா, இத்தனை வருஷமா இதே வேலை, இன்னும் இந்தத் தப்பா? சின்ன விண்டோவ நீ மூடவே இல்ல. மறைச்சுதான் வச்சிருக்க. உன் கண்ணுக்குத் தெரியாது, ஆனா உள்ள உயிரோட உக்காந்திருக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டும். நம்பர் எப்படி மாறும்?”

“பிள்ளையோட அசல் ரெக்கார்டையே தூக்கி அது கையில குடுத்திருக்க. ரெண்டு விண்டோவும் ஒரே பிள்ளைய ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுட்டு நிக்குது. அங்க மாத்தினா இங்கயும் மாறும். அதுக்கு நகல் எடுத்துக் குடு, அசல் உன்கிட்ட இருக்கட்டும். வேலை முடிஞ்சதும் ஒரேயடியா மூடிடு, மறைக்காத. மூடினா அதோட கையில இருக்கறதும் அதோட போயிடும்.”

“அது புரியுதுண்ணா. அங்க மாத்துறது யாரு?”

“யாரும் தொடாம நம்பர் மாறாதும்மா. தூக்கக் கலக்கத்துல நீதான் எதையாவது தட்டியிருப்ப. இல்லேன்னா பேய்தான், போ,” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மறைந்திருக்கும் விண்டோவைக் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதி, புரோகிராமை ஓட்டினாள்.

வந்தது. பட்டியலுக்கு மேலே சின்ன விண்டோ, அவள் விட்ட இடத்திலேயே. பெயர் சுண்டு. வயது 6. காய்ச்சல் கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு மினுக்கி மினுக்கி அடங்கியது. 101.4 என்பதில் கடைசி எண் அழிந்தது. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று கட்டம் காலியாகும் வரை அழிந்தது. பிறகு ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற புதுக் கை அடிப்பதுபோல, 1, 0, 2.

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள். மௌஸைப் பிடுங்கினாள். இன்டர்நெட் வயரையும். ஒரு புள்ளி விழுந்தது. அதற்குப் பின் 3.

உள்ளறையில் கட்டில் முனகியது.

“அம்மா...”

“இதோ வரேன் கண்ணு.”

“கைய விடச் சொல்லும்மா. வலிக்குது.”

“யாரைடா செல்லம்?”

உள்ளே ஓடினாள். வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடலாம் என்று இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. தினமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைகிற பதினேழு கிலோ. அசையவில்லை. மறுபக்கத்திலிருந்து யாரோ அதே அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள். மறுபக்கத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

திரும்ப ஹால். கீபோர்டையும் மௌஸையும் மாட்டி 98.4 என்று அடித்தாள். உள்ளே முனகல் நின்றது. எண் அழிந்தது. 102.9. முனகல். 98.4. அழிந்தது. 103.6. “அம்மா!” 98.4. அழிந்தது. இப்போது அந்தக் கை வேகமாக அடித்தது. பழகிவிட்டது அதற்கு.

அணைத்துவிடலாமா? அணைத்தால் பிள்ளை யார் கையில் நிற்கும்? தெரியவில்லை.

நகல். சீனியர் சொன்ன நகல். ஒரு வரி, நகல் எடுக்க. ஒரு வரி, ஒருவருக்கு அசல். ஒரு வரி, ஒருவருக்கு நகல். மறைக்கிற வரியை அழித்தாள். மூடுகிற வரியைப் போட்டாள். ஓட்டினாள். நான்காம் படுக்கை. 98.4. ‘சரி’.

சின்ன விண்டோ மூடிக்கொண்டது.

மறைந்ததைக் காட்டச் சொன்னாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கேட்டாள். ஒன்றுமே இல்லை. பெரிய விண்டோவில் நான்காம் படுக்கைக்கு நேராக 98.4 நின்றது. ஒரு நிமிடம் பார்த்தாள். இரண்டு நிமிடம். மாறவில்லை. அம்மாடி! மேஜையில் தலையைக் கவிழ்த்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு உள்ளே போனாள்.

சுண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூக்கு இழுக்கிற சத்தம் இல்லை. கழுத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது, முடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தெர்மாமீட்டர் 98.4 காட்டியது.

“தேவலையா கண்ணு?”

“பேரு சுண்டு.” அதே குரல்தான்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்! தண்ணி குடிக்கிறியாடி வாலு?”

“வயசு ஆறு.”

“கை வலிக்குதுன்னியே, யாரு பிடிச்சா?”

“எடை பதினேழு.”

சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. “காலையில அப்பா போன்ல என்ன பாட்டு பாடினாரு? அம்மாகிட்ட சொல்லு.”

“அப்பா?” அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்பதுபோல இருந்தது. பிறகு, “கூட இருக்கறவங்க அம்மா.”

தான் எழுதிய வரிகள் அப்போதுதான் அவளுக்குக் கண்முன் வந்தன. அவசரத்தில் அடித்தவை. எது யாருக்கு என்று திரும்பப் பார்க்காதவை. நகல் பெரிய விண்டோவுக்கு. அசல் சின்ன விண்டோவுக்கு.

மூடிவிட்டாள். மறைக்கவில்லை. தன் கையாலேயே, ‘சரி’ என்று தட்டி.

ஐயோ. என் பிள்ளை.

கட்டில் முனகியது. போர்வை நழுவியது. சின்ன உருவம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

முடிக்குக் கீழே, கழுத்துக்கு மேலே, அவள் காலியாக விட்ட அந்தப் படக் கட்டம். சாம்பல் நிறம். நான்கு மூலை. நடுவில் ஒன்றுமே இல்லை.

“அம்மா,” என்றது அது. தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.