யுஸ்தினாவின் இடம்

மேசை விரிப்பை மெலானியா மூன்றாவது முறையாக நீவிவிட்டாள். விரிப்புக்கு அடியில் பண்டிகை வழக்கப்படி பரப்பியிருந்த காய்ந்த புல் நீள மேசை முழுக்க ஒரே சீராகப் பொங்கியிருந்தது. அடுப்போர மூலையில் மட்டும் இரண்டு குழிகள். யாரோ முழங்கைகளை ஊன்றி உட்கார்ந்திருப்பதுபோல, தோள் அகலத்துக்கு இடைவெளி விட்டு. நீவினால் மறைந்தன. ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் இருந்தன.

அது யுஸ்தினாவின் இடம்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் கட்டிய ஊர் மன்றம் அது. ஒரு பக்கம் நூலகம், மறுபக்கம் செவ்வாய்தோறும் செவிலி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் அறை, நடுவில் மேடையும் கூடமும். இளவட்டங்கள் எல்லாம் போலந்துக்கு வேலைக்குப் போன பிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை விருந்தை வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து சாப்பிடுவானேன், மன்றத்திலேயே கூடிச் சாப்பிடலாமே என்று ஆரம்பித்து வைத்தவள் யுஸ்தினா. பாட்டுக்குழுவுக்கும் அவள்தான் தலைவி. சுவரில் தொங்கும் பூவேலைத் துண்டுகளில் பாதி அவள் கை வேலை. அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் விட்டுப்போன மன்றத்துச் சாவிக்கொத்தும், அவள் விட்டுப்போன புருஷன் பனாஸும் மெலானியாவிடம் வந்து நான்கு வருஷம். சாவி வந்து சேர்ந்தது. புருஷன் இன்னும் வந்து சேரவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு அடிப்பவன் இல்லை. பீட்ரூட் சூப்பைக் குடித்துவிட்டு நன்றி சொல்வான், கடைக்காரியிடம் சொல்வதுபோல. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மன்றச் சுவரில் இருக்கும், யுஸ்தினா நடுவில் நிற்கும் பாட்டுக்குழுப் படத்தை அவன் பார்க்கிற மாதிரி தன்னைப் பார்த்தால் போதும் என்று நான்கு வருஷமாகக் காத்திருந்தாள். பொறாமை எரிந்தது. செத்தவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கமும் கூடவே எரிந்தது.

பனாஸ் விறகைக் கொண்டுவந்து அடுப்பருகில் போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு பூப்போட்ட கிண்ணத்தை எடுத்து, மூலையில் வைத்தான்.

"இந்த வருஷமாவது அதை வைக்காம இருக்கக் கூடாதா?" என்றாள்.

"செத்தவங்களுக்கு வைக்கிறதுதானே. உங்கம்மாவுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன் பாரு."

"எங்கம்மாவுக்கு விளிம்பு உடைஞ்சது. அவளுக்குப் பூப்போட்டதாக்கும்."

அவன் விரிப்பில் இருந்த குழிகளைப் பார்த்தான். அவற்றை நீவிவிடவில்லை. முகம் மெல்ல இளகியது.

நாலரை மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. முதல் நட்சத்திரத்தைக் கண்டதும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து பதினேழு பேர். தேன் ஊற்றிய குத்யா என்கிற கோதுமைக் கஞ்சி, காளான், பட்டாணி, மீன் என்று பன்னிரண்டு வகை உணவின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் கூடத்தை நிறைத்தன. உட்காருவதற்கு முன்னால் எல்லாரும் குனிந்து, தாங்கள் உட்காரப்போகும் இடத்தில் ஊதினார்கள். இந்த ஒரு மாலையில் செத்தவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஊதினால் நகர்ந்து இடம் விடுவார்கள். ஊதாமல் இந்த ஊரில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"ஃபூ. தள்ளி உட்காரு கிழவா," என்றாள் பக்கத்து வீட்டு ஹப்கா, செத்துப்போன தன் புருஷனிடம். "உசிரோட இருந்தப்பவும் பெஞ்ச அடைச்சுக்கிட்டுத்தான் உட்காருவே."

எல்லாரும் சிரித்தார்கள். ஹப்கா குத்யாவை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு மெலானியா. யுஸ்தினா கசகசாவ இன்னும் கொஞ்சம் அரைப்பா," என்றாள்.

"ஆமா," என்றான் பனாஸ். மூலை இடத்துக்குப் பக்கத்தில், அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மெலானியாவுக்கு அவர்கள் விட்டுவைத்திருந்த இடம் கதவோரம், சட்டி பானைகளுக்குப் பக்கத்தில்.

அவள் சூப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றி நடந்தாள். பூப்போட்ட கிண்ணத்தை ஒதுக்கித் தள்ளினாள். ஹப்காவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஏய், ஊதிட்டு உட்காருடி," என்றாள் ஹப்கா.

ஊதினால் யுஸ்தினா இருக்கிறாள் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். நகர்ந்துகொள், தாயே என்று கெஞ்சியதாக ஆகிவிடும். நான்கு வருஷம் கெஞ்சியாயிற்று. மெலானியா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, ஊதாமல், முழுப் பாரத்தோடும் உட்கார்ந்தாள்.

பலகை இல்லை.

பலகையின் கடினம் இல்லை, அடுப்பருகில் இருக்க வேண்டிய வெதுவெதுப்பும் இல்லை. அவளுடைய தொடைகளுக்கு அடியில் இன்னும் இரண்டு தொடைகள் இருந்தன, ஈர மண்ணின் குளிர்ச்சியோடு, அவை பாரம் தாங்காமல் கொஞ்சம் அசைந்து, பிறகு அவளை வசதியாக ஏந்திக்கொண்டன. அவள் எழப் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை. முதுகில் ஒரு மார்பு அழுந்தியது. அதில் மூச்சு இல்லை. அவளுடைய முழங்கைகள் தாமாக உயர்ந்து, விரிப்பில் இருந்த குழிகளுக்குள் இறங்கின. கச்சிதமாகப் பொருந்தின.

"மெலானியா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றாள் ஹப்கா.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாட்டு வந்தது. தாழ்ந்த, கனிந்த குரல், நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. அவளுக்குத் தெரியாத பாட்டு. வரிகள் ஒவ்வொன்றாக நாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. ஊரே கரண்டியைக் கீழே வைத்தது. ஹப்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே இந்தக் குரல?"

பனாஸ் திரும்பினான். பார்த்தான். படத்தைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தான். மெலானியா நான்கு வருஷம் காத்திருந்த பார்வை அதுதான்.

"வந்துட்டியா," என்றான், மெதுவாக. அவளிடம் இல்லை.

மெலானியா உள்ளுக்குள் கத்தினாள். பாட்டு நிற்கவில்லை.

விருந்து முடிந்தது. வழக்கப்படி, செத்தவர்கள் சாப்பிட வேண்டும் என்று, யாரும் எதையும் எடுத்துவைக்கவில்லை. கிண்ணங்களும் கரண்டிகளும் மேசையிலேயே இருந்தன. எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். மெலானியாவுக்கு அடியில் இருந்தவள் எழுந்தாள். அவளுக்கு ஊடாக எழுந்தாள். அவளுடைய கைகளை, முகத்தை, உடம்பின் சூட்டை எல்லாம் உடுத்திக்கொண்டு எழுந்தாள். மெலானியா பெஞ்சிலேயே இருந்தாள். இப்போது பலகை தெரிந்தது. கடினமாக. ஆனால் உட்கார அவளிடம் உடம்பு இல்லை.

கதவருகில் பனாஸ் அந்த உடம்பின் தலையில் சால்வையைப் போட்டான். மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டான், நிதானமாக, விரல்களால் இரண்டு தடவை சரிபார்த்து. மெலானியாவுக்கு அவன் ஒருநாளும் முடிச்சுப் போட்டதில்லை. அவளுடைய முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. அது அவளுக்கே தெரியாத அழகான சிரிப்பு.

விளக்கு அணைந்தது. பூட்டில் சாவி திரும்பியது. பனியில் நான்கு கால்களின் சத்தம் நெருக்கமாக, பிறகு தூரமாகக் கேட்டு ஓய்ந்தது.

இருட்டு.

மேசையின் அந்தக் கோடியில் ஒரு கரண்டி உரசியது. பிறகு எதிர்ப்பக்கம். பிறகு பக்கத்தில். பெஞ்சுகள் பாரத்தில் முனகின. மெல்லும் சத்தம். நிறையப் பேர்.

அவளுக்கு முன்னால், அம்மாவுக்கு வைத்திருந்த விளிம்பு உடைந்த கிண்ணத்தை ஒரு கை மெதுவாக நகர்த்தி வைத்தது.