தோளுக்குள்ளே ஓடிய பஸ்

கிருஷாந்தியின் போன் அலறியது.

காலை ஏழே முக்கால். ஹட்டனில் அவள் வேலை பார்க்கும் போட்டோக்கொப்பிக் கடையின் கதவு பாதிதான் திறந்திருந்தது.

"கிருஷாந்தி... தோட்டத்து வாட்சர் கந்தப்பன் பேசுறேம்மா."

"சொல்லுங்க மாமா."

"ஒன் தம்பி... பழைய ஸ்டோருக்குக் கீழ... கல்லு மேல கெடக்கான்மா!"

"ஐயோ! சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு..."

"ஆஸ்பத்திரி வேணாம்மா. அம்மாவுக்குத் தொணைக்கு வந்துரு."

கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

அக்கரப்பத்தனையில், மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தார் வைத்த பெயர் பழைய ஸ்டோர். அதன் மூன்றாம் மாடிக்கு நேர் கீழே கிடந்தான் வினோஜன். இருபத்து மூன்று வயது.

கழுத்தில் ஒரு சிவப்புப் படங்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் சீலை. இவன் அதை முதுகில் பறக்கவிட்டான். அவனே வரைந்து, அவனே நடித்த, தேயிலைச் செடி வெட்டும் கத்தியோடு வரும் 'கவ்வாத்து வீரன்' என்ற சூப்பர் ஹீரோவின் அங்கி அது!

கூட்டம் கிசுகிசுத்தது.

"பறக்கப் பாத்திருக்கான்யா!"

"படம் பாத்துப் பாத்துக் கிறுக்குப் புடிச்சிருச்சு."

அம்மா அழகம்மா அழவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் புள்ள கிறுக்கனாடி?"

கிருஷாந்தி தம்பியின் பக்கம் போனாள். குனிந்தாள். தம்பியின் தோளில் ஒரு தேயிலை ஒட்டியிருந்தது. தட்டிவிட்டாள். பழக்க தோஷம். கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகைத் தட்டிவிடுவது அவள் வேலை.

வினோஜனும் அவளுமாக நாலைந்து பேர். காமிக்ஸ் பைத்தியங்கள். வினோஜன் வரைவான், நடிப்பான். கிருஷாந்தி அவனைக் கொம்பியூட்டரில் பறக்கவைப்பாள், மலையைப் பிளக்கவைப்பாள். கேமராவும் லெப்டொப்பும் லிங்கண்ணனுடையவை. முத்துலிங்கம். அக்கரப்பத்தனை டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். குழுவின் தலைவன்.

பதினொரு மணிக்கு அவனும் வந்தான். மாலையோடு.

"கினிகத்தேனையில நிக்கும்போது செய்தி வந்துச்சும்மா. அவன் பேர நான் காப்பாத்துறேன்!"

கிருஷாந்தி அவன் கண்களையே பார்த்தாள்.

...

மறுநாள் காலை. பொலிஸ் நிலையம்.

"விபத்துன்னு எழுதப் போறோம் தங்கச்சி," என்றார் சப் இன்ஸ்பெக்டர் அஸ்ஹர். "பின்னேரம் அடக்கத்த வைங்க."

"சேர், இதக் கேளுங்க. செத்ததுக்கு மொத நாள் தம்பி அனுப்புனது."

போனில் வினோஜனின் குரல். இறந்தவனின் குரல்!

"அக்கா... நம்ம கவ்வாத்து வீரன லிங்கண்ணே அவரு பேர்ல கொழும்புக் கம்பெனிக்கு அனுப்பியிருக்காரு! அவங்க படமாவே எடுக்கப் போறாங்களாம். நாளைக் காலைல ஸ்டோர்ல வச்சுக் கேக்கப் போறேன்..."

அஸ்ஹர் பெருமூச்சு விட்டார்.

"நானும் விசாரிச்சேன். ஆறே முக்காலுக்கு உங்க தம்பி ஸ்டோர்ப் பக்கம் போறத, பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க வந்த வீரம்மா கண்டிருக்கா. ஏழரைக்குக் கந்தப்பன் மையித்தக் கண்டிருக்கான். சரியா?"

"சரி."

"ஏழு அஞ்சுக்கு முத்துலிங்கம் எங்க? கினிகத்தேனை ஜங்ஷன்ல! லைவ் போட்டிருக்கான். எங்க வாப்பாட கட போர்டே தெரியுது. அங்கயிருந்து இங்க வர ரெண்டு மணித்தியாலம். பறந்தா வந்தான்?"

கிருஷாந்தி அந்த வீடியோவை வாங்கிப் பார்த்தாள்.

லிங்கம் சிரித்தான். கை ஆட்டினான். பின்னால் கடைகள், ஆட்டோக்கள். 'காலை வணக்கம் ரசிகர்களே' என்று திரும்பிக் கடைகளைக் காட்டினான். பிறகு மீண்டும் முகம்.

மறுபடி பார்த்தாள்.

மறுபடியும்.

"சேர்... இந்த இடத்துல நிப்பாட்டுறேன். அவரு திரும்புற எடம். தோளப் பாருங்க!"

"என்னா?"

"ஓட்டை."

அஸ்ஹர் முகத்தை அருகே கொண்டுவந்தார். லிங்கத்தின் தோள்பட்டையில், கட்டைவிரல் அளவில், ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளே... ஒரு சிவப்பு பஸ் ஓடியது!

"யா அல்லாஹ்!"

"பச்சத் துணிக்கு முன்னால நின்னு படம் எடுப்போம் சேர். கொம்பியூட்டரு பச்சையா இருக்கிறத எல்லாம் வெட்டிட்டு, அந்த எடத்துல நாங்க குடுக்குற காட்சிய வைக்கும். ஆகாயம், கடல், கினிகத்தேனை... எது வேணும்னாலும்! ஆனா ஆள் மேல பச்சையா ஒண்ணு ஒட்டியிருந்தா அதையும் வெட்டிரும். அதான் நான் எப்பவும் முதுகத் தட்டிவிடுவேன்."

அவள் விரல் அந்த ஓட்டையின் ஓரத்தைத் தடவியது.

"உருவத்தப் பாருங்க. ரெண்டு இலை... ஒரு குருத்து."

"கொழுந்து!"

"எங்க பச்சத் துணி தொங்குறது பழைய ஸ்டோர்ல, சேர். தேயிலைக்குள்ளால நடந்து வந்து, எந் தம்பியக் கொன்னுட்டு, அங்கனயே நின்னு சிரிச்சிருக்காரு. நேத்து முதுகத் தட்டிவிட நான் இல்ல!"

அஸ்ஹர் போனை வாங்கி மேசையில் வைத்தார்.

"நான் நம்புறேன்," என்றார் அஸ்ஹர். "கோர்ட்டு நம்பாது. இந்த வித்தையெல்லாம் தெரிஞ்ச நீங்களே ஓட்டை போட்டதாச் சொல்லுவான்."

கிருஷாந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். எழுந்தாள்.

"அப்ப அவரையே பேசவைப்போம் சேர்."

...

பிற்பகல் இரண்டு மணி. ஸ்டூடியோவில் முத்துலிங்கத்தின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு.

திரையில் கிருஷாந்தி. அழுது வீங்கிய முகம். பின்னால் பழைய ஸ்டோரின் மூன்றாம் மாடி. உடைந்த ஜன்னல். உள்ளே நுழையும் பனிமூட்டம்.

"அண்ணே... நீங்க குடுத்த சின்னக் கேமரா ஒண்ணு இங்க தூண்ல இருக்குண்ணே. தம்பி அத ஓடவிட்டுட்டுத்தான் செத்திருக்கான்!"

முத்துலிங்கம் ஸ்டூடியோக் கதவைச் சாத்தினான்.

"நீ... பாத்தியாம்மா?"

"இன்னும் இல்ல. எங்க கட லெப்டொப்ல ஏறிக்கிட்டு இருக்கு. தனியாப் பாக்கப் பயமா இருக்குண்ணே."

"யாருக்கும் சொன்னியா?"

"ஒங்களுக்குத்தான் மொதல்ல."

"சொல்லாத! பதினஞ்சு நிமிஷத்துல வாறேன்."

பன்னிரண்டு நிமிடத்தில் வந்தான்.

வழக்கமான பாதையில் இல்லை. தேயிலைக்குள்ளால்.

மாடிப்படி கிரீச்சிட்டது. மேலே பனி. ஜன்னல் விளிம்பில், முதுகைக் காட்டியபடி, சிவப்புப் படங்கைப் போர்த்துக்கொண்டு அவள்! காதுகளில் பெரிய ஹெட்போன். மடியில் லெப்டொப் வெளிச்சம்.

அவன் பூனைபோல் நெருங்கினான். அவளுக்குக் கேட்காது என்ற தைரியம். உதடுகள் தாமாக அசைந்தன.

"ஒந் தம்பிகிட்டயும் நல்லாத்தான் கேட்டேன். அந்தப் பேர மட்டும் எனக்குக் குடுடான்னு. கேமரா யாருது? எடம் யாரு புடிச்சது? மாட்டேன்னுட்டான். தள்ளிவிட்டுட்டு, கீழ எறங்கிப் போயி நான்தான் அந்தப் படங்கக் கட்டிவிட்டேன்... பறக்கட்டும்னு!"

இரண்டு கைகளாலும் தள்ளினான்.

உருவம் ஜன்னலுக்கு வெளியே சரிந்தது.

அலறல் இல்லை.

தொப்!

அவன் எட்டிப் பார்த்தான். கல்லின் மேல் சிவப்புப் படங்கு விரிந்து கிடந்தது. ஸ்வெட்டர் கிழிந்திருந்தது. உள்ளிருந்து சிதறியது...

மானாப்புல்!

விழும் காட்சிகளுக்காக அவர்கள் செய்து வைத்திருந்த பொம்மை!

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துத் தொட்டான்.

திரையில் கிருஷாந்தி. அதே உடைந்த ஜன்னல், அதே பனி. அவள் பின்னால் கையை நீட்டி எதையோ இழுத்தாள். ஜன்னல் கழன்று விழுந்தது. பனி மடிந்தது! வெறும் சுவர். ஒரு கலண்டர். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் திடுக்கிட்டுக் கிளாஸை வைத்தார்.

"பொலிஸ் ஸ்டேஷன் மேசத் துணியும் பச்சதாண்ணே," என்றாள் கிருஷாந்தி.

"நீ... நீ அங்கயா இருந்த?"

"நீங்க கினிகத்தேனையில இருந்த மாதிரி!"

அவள் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நீங்க பேசுனதெல்லாம் அந்த லெப்டொப் எனக்கு அனுப்பிருச்சு. அம்மாகிட்டப் போட்டுக் காட்டப் போறேன். எந் தம்பி கிறுக்கன் இல்லன்னு அவங்க கேக்கணும். அப்புறந்தான் அவன அடக்கத்துக்குத் தூக்குவோம்!"

திரை இருண்டது.

ஸ்டோரில் தொங்கிய பச்சைத் துணி விலகியது. பின்னாலிருந்து இரண்டு பொலிஸார் பாய்ந்து அவன் கைகளை முறுக்கினார்கள். அஸ்ஹர் நிதானமாக வந்தார். அவன் தோளில் இன்றும் ஒட்டியிருந்த ஒரு கொழுந்தைக் கிள்ளி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நடங்க முத்துலிங்கம். நேத்து உங்களுக்குள்ளால பஸ் போச்சு... இன்னிக்கு ஜீப்புக்குள்ள நீங்க போங்க!"