ராய்ஸுக்குக் கொடுத்த மகள்

சனிக்கிழமை மதியம் இணையக் குழுவில் ராய்ஸ், "என்னடா பசங்களா, எல்லாரும் நல்லாயிருக்கீங்களா?" என்று எழுதியிருந்தான். அதில் தப்பொன்றும் இல்லை, ராய்ஸ் என்று ஒருவன் கிடையாது என்பதைத் தவிர.

அவனை உண்டாக்கியவள் மெரின்தான். மாதச் சம்பளம் இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று எழுதிப் பிழைக்கிற செய்தியாளர். இணையத்தில் பொய்யைப் பரப்பி ஆத்திரக்காரர்களைச் சேர்க்கும் குழுக்களுக்குள் கள்ளப் பெயரில் நுழைவாள். நடப்பதைப் பார்த்து வெளியே எழுதுவாள். இந்தக் குழுவுக்கு ராய்ஸ். நேராகப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஒரு முகப்படத்தைக் கணினி செய்து கொடுத்தது. சுரங்க வேலை போனவன், புகையிலையைத் தாளில் உருட்டிப் பிடிக்கிறவன் என்று மற்றதையெல்லாம் அவளே சேர்த்தாள். ஆனாலும் எவனும் அவனை நம்பவில்லை. அவன் கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒருநாள் அலுப்பில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள்: ஒன்பது வயது மகள், பெயர் ஹெட்டி, நெட்பால் ஆடுவாள், தாய்க்காரி கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறாள்.

ஹெட்டி மெரினின் சொந்த மகள். அப்பா என்று யாரும் இல்லாமல் வளர்ந்தவள். பொய்யில் கொஞ்சம் நிஜத்தைக் கலந்தால் உளறாமல் சமாளிக்கலாம் என்று இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் பெயரையாவது மாற்றியிருக்கலாம். அன்றிலிருந்து குழு ராய்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. போய் உன் பொண்ணக் கூட்டிக்கிட்டு வாடா என்று யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

இன்றைக்கு ராய்ஸ் பெயரில் வந்ததை அவள் எழுதவில்லை. மெல்போர்னில் கட்டுரைக்காகக் காத்திருந்த பத்திரிகை ஆசிரியர் டெஸ்ஸை ஃபோனில் அழைத்தாள்.

"எவனாவது கடவுச்சொல்லத் திருடியிருப்பான். இல்ல, நீயே தூக்கக் கலக்கத்துல தட்டியிருப்ப," என்றார் அவர். "மாத்திட்டு எழுத உக்காரு, தாயே. திங்கக்கிழம வேணும்."

மாற்றினாள். ராய்ஸின் கணக்குக்குள் யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்றும் பார்த்தாள். அவளுடைய சமையலறை மேசையில் இருக்கிற இந்தக் கணினியிலிருந்து மட்டும்தான்.

அவள் ஊரான பல்லாரட்டின் குளிர்காலத்தில் மதியத்திலேயே வெளிச்சம் சோர்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வேலிவரை வந்து நின்றிருந்தது, தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கணப்பின் சூட்டில் மரச்சுவர்கள் ஒவ்வொன்றாக முறிகிற மாதிரி சத்தம் போட்டன, நாற்காலியில் காயப்போட்ட கம்பளிச் சட்டையின் ஈர நெடியோடு இன்னொரு வாசனையும் மெல்லக் கலந்து வந்தது. மெரின் மூக்கைச் சுருக்கினாள். பச்சைப் புகையிலை. இந்த வீட்டில் யாரும் புகைத்ததில்லை.

பின்கதவைப் பார்க்கப் போனாள். பூட்டித்தான் இருந்தது. கூடத்துக்குத் திரும்பும்போது சமையலறையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒற்றை விரலால். அவள் வந்ததும் நின்றது. மேசையருகில் யாரும் இல்லை. விசைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மனிதக் கையின் சூடு.

திரையில் ராய்ஸ் எழுதியிருந்தான்: "இன்னிக்குப் போறேன்."

குழு கும்மாளமிட்டது. "அப்படிப் போடு!" "போன மாசம் பார்பக்யூ விருந்துல கை குலுக்கினப்பவே நெனச்சேன், நீ செய்வடான்னு!"

எந்தப் பார்பக்யூவுக்கும் அவள் யாரையும் அனுப்பவில்லை. பல மாத உழைப்பு போனால் போகிறது என்று ராய்ஸின் பெயரிலேயே தட்டினாள்: "ராய்ஸ்னு ஒருத்தன் இல்ல. நான் ஒரு செய்தியாளர். எல்லாம் நான் எழுதினது."

உடனே ஒருவன் சிரித்தான். "அந்தத் தாய்க்காரி அவன் கணக்குக்குள்ள பூந்துட்டாடா!"

இன்னொருவன் எழுதினான்: "இப்பத்தான் ராய்ஸ் ஃபோன் பண்ணான். மைதானத்துக்கு வந்துட்டானாம்."

ஹெட்டியை நெட்பால் ஆட்டத்துக்குத் தன் வண்டியில் கூட்டிப்போயிருந்த, அதே அணிச் சிறுமி ஒருத்தியின் அம்மாவான ஷரீனை அழைத்தாள்.

"மறந்துட்ட பாத்தியா? இன்னிக்கு இடைவேளைக்குப் பிள்ளைங்களுக்கு ஆரஞ்சு கொண்டாற வேண்டியது நீ!" என்றாள் ஷரீன். பின்னால் விசில் சத்தம். "நல்லவேள, ஹெட்டியோட அப்பா நறுக்கி டப்பால போட்டுக் கொண்டாந்துட்டாரு. இப்படி ஒருத்தர ஒளிச்சு வெச்சிருந்தியேடி, கள்ளி!"

"ஷரீன், அவள விடாத. கையப் பிடிச்சுக்கோ."

"எதுக்கு? அப்பான்னு ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாளே."

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மைதானத்தில் அந்தி சாயுமுன்பே விளக்குகளைப் போட்டிருந்தார்கள். பனிமூட்டத்தில் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஆட்டம் முடிந்திருந்தது. மறுகோடியில், வண்டிகள் நிற்கும் பக்கம், ஹெட்டி ஒரு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"ஹெட்டி!"

மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமில்லை, பாசமும் இல்லை.

"யாருப்பா அந்தம்மா?"

"தெரியலடா கண்ணு. நீ வா."

அவன் நிற்கவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. சட்டைக் காலருக்கு மேலே பிடரி இருக்க வேண்டிய இடத்திலிருந்து, கணினி செய்த அந்த முகம் மெரினைப் பார்த்துச் சிரித்தது.

ஓடினாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். அங்கும் அதே முகம். முன்னால் போய் வழியை மறித்தாள். அதே முகம், அதே சிரிப்பு, இமைக்காத கண்கள். அவனுக்கென்று அவள் கொடுத்திருந்தது அந்த ஒரு முகப்படம்தான்.

ஹெட்டி அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். கால்கள் நான்கும் பனிக்குள் இறங்கின. சின்னக் கை பெரிய கைக்குள் ஆடிக்கொண்டே போனது. போகப் போக, தோள்களுக்கு மேலே, அந்த முகம் மெரினையே பார்த்துக்கொண்டிருந்தது.