முப்பத்திரண்டாவது மாணவன்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் விழித்துக்கொண்டு செய்ய முடிவதில்லை. கோயிலுக்குப் போவதென்றால் தலையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஊட்டியைச் சுற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். பெண் பார்ப்பதுகூடப் படுத்துக்கொண்டுதான் நடக்கிறது. இப்போது படிப்புக்கும் அந்தக் கதி வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தார் தணிகாசலம் இப்படி நினைத்தார். வாயை மூடிக்கொண்டு நினைக்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால், வேலூர்த் துயிற்கல்லூரியின் வாசல் வரிசையில் நின்றபடி உரக்கச் சொல்லவும் செய்தார்.

“எட்டாவது வரைக்கும் முழிச்சிக்கினு படிச்சேன், ஒண்ணும் ஏறல. தூங்கிக்கினு படிச்சா மட்டும் ஏறிடுமா?”

பின்னால் நின்றவர் முன்னாள் நாயக் முனிரத்தினம். தணிகாசலத்தோடு ஒரே பேருந்தில் வருகிறவர்.

“இஸ்கூல்ல மட்டும் நீ முழிச்சிக்கினா இருந்தே? சும்மா வாண்ணா.”

கல்லூரி முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. மணமேடை இருந்த இடத்தில் கனவிணைப்பி நின்றது. பீரோ அளவு இயந்திரம். அதிலிருந்து முப்பத்தொரு கட்டில்களுக்குக் கம்பிகள் ஓடின. திட்டத்தின் பெயர் மீண்டவர் கல்விச் சலுகை. ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு முன்பெல்லாம் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐம்பது வயதுக்காரர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாராவது நாற்காலியைத் தள்ளிவிட்டால், குண்டுச் சத்தமென்று இவர்கள் மேசைக்கடியில் இருப்பார்கள். பிள்ளைகள் சிரிக்கும். பாதிப்பேர் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அதனால் சலுகையை மேம்படுத்தினார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து துயில்பட்டையை மாட்டிக்கொண்டு படுத்தால் போதும். எல்லாத் தலைகளும் ஒரே கனவில் சேர்ந்துகொள்ளும். அந்தக் கனவுதான் வகுப்பறை. வெளியே இரண்டு மணி நேரம் ஓடினால் உள்ளே ஒரு வாரம் ஓடும். ஆறு மாதம் தூங்கினால் நீரியலில் பட்டம்.

தணிகாசலத்துக்குப் பட்டம் வேண்டியதில்லை. துயில்பட்டையைப் போட்டால் கனவு பகல் மாதிரித் தெளிவாக வரும் என்று முனிரத்தினம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் வந்தார். அவருக்கு ஒருவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

அவன் பெயர் சவரிராயன். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் பனிமலைக் காவல்நிலையில் ஒரே கூடாரம். ஒரு நாள் விடியற்காலை தணிகாசலத்தின் காவல் முறை. வெளியே காற்று ஊளையிட்டது. ஜுரம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். ஜுரம் இல்லை. சவரிராயன் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அரை மணி நேரத்தில் சரிவிலிருந்த பனி முழுக்கக் கீழே இறங்கி அவனை மூடிவிட்டது.

அவன் நம்பித்தான் போனானா, பொய் என்று தெரிந்தே போனானா? முகத்தில் துணியைச் சுற்றியிருந்ததால் தணிகாசலத்துக்குக் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களில் என்ன இருந்தது என்று இருபத்தாறு வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டையை மாட்டிக்கொண்டு முதல் நாள் கண்ணை மூடினார். பாலாற்றில் கரை நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்தே கனவு என்று தெரிந்துபோயிற்று. ஆற்றின் நடுவில் பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. தண்ணீர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போனது, ஆனால் நனைக்கவில்லை. பேராசிரியர் நப்பின்னை தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டு கரும்பலகையில் எழுதினார். எழுத்துகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சின்ன மீன்களாகி ஆற்றில் குதித்து ஓடின. எதிர்க்கரையில் பனி கொட்டியது. குளிரவில்லை.

கடைசி பெஞ்சில் சவரிராயன் உட்கார்ந்திருந்தான். அதே வெள்ளைக் கோட்டு. முகத்தில் துணி இல்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் உடனே போய்விடவில்லை. இயந்திரம் காட்டுவதை எவன் நம்புவான்? மூன்று மாதம் தூரத்திலிருந்தே பார்த்தார். காதுக்குக் கீழே அதே மரு இருந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. நாலாவது மாதம் ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் இருவருடைய கால்களையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு போனது.

“டேய், அன்னிக்கு எனக்கு ஜுரமே இல்லடா. பொய் சொன்னேன். உனக்குத் தெரியுமா?”

சவரிராயன் பென்சிலை வாயிலிருந்து எடுத்தான்.

“தெரியும்டா. பரவால்ல.”

எதிர்க்கரையில் பனி நின்றுவிட்டது. மண்டபத்தில் கண் விழித்தபோது தணிகாசலத்தின் தலையணை நனைந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் முனிரத்தினமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.  அன்றைக்கு முதல் தணிகாசலம் தூக்க மாத்திரை போடாமல் தூங்கினார். வகுப்பில் தினமும் கடைசி பெஞ்சுக்குப் போய் அவனோடு சும்மா உட்கார்ந்திருந்தார். நீரியலில் ஒரு வரிகூட அவர் காதில் விழவில்லை.

ஆறாவது மாதக் கடைசியில் கனவுக்குள்ளேயே தேர்வு நடந்தது. மறுநாள் நப்பின்னை எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து முடிவைச் சொன்னார். அவருக்கே குழப்பமாக இருந்தது.

“முப்பத்தொரு பேரும் ஃபெயில்.”

“நான் சொல்லல?” என்றார் தணிகாசலம்.

“இருங்க சார். முப்பத்திரண்டு விடைத்தாள் வந்திருக்கு. அந்தக் கடைசித் தாளுக்குத் தொண்ணூற்றாறு மார்க். கடைசி பெஞ்ச்லேர்ந்து வந்திருக்கு. நான் பார்த்தவரைக்கும் நீங்க எல்லாரும் முன்னாடிதான் இருந்தீங்க, அந்த பெஞ்ச் காலியாத்தான் இருந்தது. யாரு அது? சான்றிதழ்ல பேர் போடணும்.”

“சவரிராயன்” என்று தணிகாசலம் எழுந்தார்.  அதே நேரத்தில் கூடம் முழுக்கக் குரல்கள் எழுந்தன. முப்பத்தொரு பேர் முப்பத்தொரு பெயரைச் சொன்னார்கள்.

“பைத்தியமாண்ணா உனக்கு?” என்று முனிரத்தினம் கத்தினார். “அது பல்ராம். என் வண்டி டிரைவர். எரியிற வண்டில அவன வுட்டுட்டு நான் குதிச்சேன். ரெண்டு மாசமா அவன் பக்கத்துலதான் குந்திக்கினு கீறேன்.”

“என் தம்பிங்க அது” என்றாள் சமிக்ஞைப் பிரிவில் இருந்த எழிலரசி. 

நப்பின்னை காகிதத்தைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக விளக்கினார். ஒரே கனவில் முப்பத்தொரு பேர் சேர்ந்ததும் எல்லோருமே திரும்பி வராத ஒருவரைத் தேடியிருக்கிறார்கள். இயந்திரம் முப்பத்தொன்றையும் சேர்த்து ஒரே ஆளாக்கிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. அவரவர் கண்ணுக்கு அவரவர் ஆளும் தானும் மட்டும்தான் அந்த பெஞ்சில். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாடத்தைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

 தணிகாசலம் முனிரத்தினத்திடம் திரும்பினார்.

“அவன் உன்கிட்ட இன்னா சொன்னான்?”

“இன்னாத்துக்குண்ணா அதெல்லாம்?”

“சொல்லுடா.”

“தெரியும், பரவால்லன்னான்.”

“உன்கிட்ட இன்னாம்மா சொன்னான்?”

எழிலரசி தலைகுனிந்தாள். “அதேதான் சொன்னான் சார்.”

தணிகாசலம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். முப்பது வாயிலிருந்தும் அதே வார்த்தைதான் வந்தது. திரும்பி வந்து முனிரத்தினத்தின் எதிரில் நின்றார்.

“பல்ராம் எந்த ஊரு?”

“பீகார்.”

“எந்த பாஷைல சொன்னான்?”

முனிரத்தினம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். 

“தமிழ்லதாண்ணா சொன்னான்” என்றார் கடைசியில்.

“சவரிராயன் ஒரு டப்பா மீன்ல எனக்கு ஒரு துண்டு ஜாஸ்தி போயிடுச்சின்னு எட்டு மாசம் மூஞ்சிய திருப்பிக்கினு இருந்தவன். உசுர வுட்டவன் பரவால்லன்னு சொல்வானா? தூ, என் வாயில பொறந்த பேச்சு அது. அத அவன் வாயில வச்சி எனக்கே வித்துட்டீங்க.”

“கோபப்படாதீங்க சார்” என்றார் நப்பின்னை. “இந்தத் திட்டம் இவ்வளவு வெற்றியாகும்னு துறையிலயே யாரும் எதிர்பார்க்கல. எல்லாரும் மாத்திரை இல்லாம தூங்குறீங்க. பட்டமும் ஒண்ணு வந்திருக்கு. அடுத்த வருஷமும் நீட்டிச்சுட்டாங்க. முப்பத்திரண்டாவது ஆள் மேல்படிப்பு படிப்பார். நீங்க வந்து படுத்தா போதும்.”

“அவனுக்கு இன்னா பேரு போடப் போறீங்க?”

“பெயர் இடத்துல ‘மீண்டவர்’னு போட்டுடலாம்னு யோசனை.”

திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த சலுகை, திரும்பி வராதவனுக்குப் போய்விட்டது.  நீட்டிப்புப் படிவங்கள் மேசைக்கு வந்தன. முதலில் எழிலரசி கையெழுத்துப் போட்டாள். பிறகு மற்றவர்கள். முனிரத்தினம் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

“தமிழ் பேசினா பேசிட்டுப் போறாண்ணா” என்றார், நிமிர்ந்து பார்க்காமல். “பதினஞ்சி வருஷம் கழிச்சி இப்பத்தான் தூங்குறேன்.” போட்டுவிட்டார்.

நப்பின்னை கடைசிப் படிவத்தைத் தணிகாசலத்திடம் நீட்டினார்.

“நீங்க போயிட்டா உங்க சவரிராயன் அந்த முகத்திலேர்ந்து போயிடுவார் சார். அப்புறம் அவர இவ்வளவு தெளிவா பார்க்க முடியாது. யோசிச்சுப் பாருங்க. அவர் உண்மையிலேயே மன்னிச்சிருக்கலாம் இல்லையா?”

“மன்னிச்சிருக்கலாம். மன்னிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது மேடம். உங்க பொட்டிக்கும் தெரியாது.”

படிவத்தை வாங்காமல் வெளியே வந்தார். உள்ளே கட்டில்கள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. முப்பது பேர் படுத்துவிட்டார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. பாதித் தூரம் போனபிறகு அவர் நின்றார். காதுக்குக் கீழே அந்த மரு சரியாகத்தானே இருந்தது? தோளும் சரியாகத்தானே இறங்கியிருந்தது? ஒருவேளை அவனேதானோ?

“அவனாவது, பரவால்லங்கறதாவது” என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் வேகமாக நடந்தார்.