ஏரிக்கரையில் ஒரு மஞ்சள் கேசட்

கிளியம்மாள் முதலில் பார்த்தது செருப்பைத்தான்.

அப்புறம்தான் கால்.

சீமைக் கருவேலம் புதருக்குள் தலையை விட்ட ஆடு வெளியே வர மறுத்தது. அதைக் குச்சியால் தட்டி இழுக்கப் போனவள், குச்சியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல் ஏறி, பைக்கில் போன இரண்டு பேரை மறித்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

திங்கட்கிழமை.

காலை வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியபோது, இன்ஸ்பெக்டர் கலைமதி அந்தப் புதருக்கு முன்னால் நின்றிருந்தாள்.

முப்பதைத் தாண்டிய ஆண். குப்புறக் கிடந்தான். பின்னந்தலையில் ஆழமான காயம். ஓரடி தள்ளி, ரத்தம் காய்ந்த கருங்கல்.

பர்ஸ் இருந்தது. விரலில் மோதிரம் இருந்தது. செல்போன் மட்டும் இல்லை.

"திருட வந்தவன் மோதிரத்தை விட்டுட்டுப் போனை மட்டும் எடுத்துக்கிட்டுப் போக மாட்டான்," என்றாள் கலைமதி. "தெரிஞ்சவன் வேலை."

ஏட்டு ஜெபகுமார் பிணத்தின் பேன்ட் பையில் துருத்திக்கொண்டிருந்ததை இரண்டு விரலால் உருவினார்.

உள்ளங்கை அளவில் மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி. மேலே பளபளக்கும் ஸ்டிக்கர். ஒரு ஹெலிகாப்டர் குண்டு போட்டுப் பாலத்தைத் தகர்க்கிறது. கீழே கொட்டை எழுத்தில் '400 இன் 1'.

"இன்னா மேடம் இது, கேம் கேசட்டு," என்றார் ஜெபகுமார். அவர் முகத்தில் ஒரு கணம் போலீஸ்காரர் காணாமல் போயிருந்தார். "டிவில சொருகி ஆடுவோமே, சின்ன வயசுல."

"உங்க சின்ன வயசுல. இப்ப யார் இதை ஆடறாங்க?"

இப்போதுதான் அதிகம் என்றார் ஜெபகுமார். அந்த வயதில் வாங்க முடியாமல் அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தவர்கள் எல்லாம், சம்பளம் வந்ததும் வாங்கிக் குவிக்கிறார்களாம். ஆனால் இது அசல் சரக்கு அல்ல. யாரோ உருவாக்கிய கேம்களைத் திருடி, ஒரே கேசட்டில் அடைத்து, லைசென்ஸ் எதுவும் இல்லாமல் விற்கிற சமாச்சாரம்.

பர்ஸில் இருந்த அடையாள அட்டை மற்றதைச் சொன்னது.

வசந்தகுமார். இருங்காட்டுக்கோட்டையில் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், டெஸ்டிங் பிரிவு. வீடு படப்பை.

ஞாயிறு மதியத்துக்கும் பொழுது சாய்வதற்கும் இடையில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

* * *

வசந்தகுமாரின் மனைவி மஞ்சுளா அழவில்லை.

ஒரகடத்தில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையின் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதார்கள். அவள் சுவரையே பார்த்தாள்.

கலைமதிக்கு அந்த வறண்ட கண்கள் பிடிக்கவில்லை.

"கடைசியா எப்பம்மா பார்த்தே?"

"நேத்து காலைல. சண்டை போட்டேன். ஓ.டி.க்கு டைம் ஆச்சினு கெளம்பிட்டேன். மூஞ்சியகூட பாக்கல."

"என்ன சண்டை?"

மஞ்சுளா பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்தாள். கலைமதி அவர்களை வெளியே அனுப்பினாள்.

"ஞாயித்துக்கெழமை ஆனா எங்கியோ பூடும் மேடம். போன் வந்தா மாடிக்கு எடுத்துகினு போய் குசுகுசுனு பேசும். எவளோ கீறானு நெனச்சேன். நேத்து கேட்டுட்டேன். 'இனிமே ஞாயித்துக்கெழமை வூட்லதான் இருப்பேன் மஞ்சு'னுச்சு. நான் நம்பல. ராத்திரி வூட்டுக்கு வரலன்னதும் அவகிட்டயே பூட்சுனு நெனச்சிகினேன்."

கோபத்தில் கணவனைத் தீர்த்துக்கட்டிய மனைவிகளைக் கலைமதி பார்த்திருக்கிறாள். ஜெபகுமார் வெளியே போய் மஞ்சுளாவின் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். ஞாயிறு முழுக்க அவள் லைனில் நின்றிருக்கிறாள். சூப்பர்வைசர் சொன்னார். கேமராவும் சொன்னது.

கட்டிலுக்கு அடியில் ஒரு பூட்டிய பெட்டி இருந்தது. உடைத்தார்கள்.

சால்டரிங் அயர்ன். ஒரு பை நிறைய மஞ்சள் பிளாஸ்டிக் மூடிகள். சின்னச் சின்னச் சிப்புகள். ஒவ்வொரு சிப்பிலும் வசந்தகுமாரின் கம்பெனி போட்ட சிவப்புப் புள்ளி. டெஸ்டில் தேறாத சிப்புகளுக்கு வைக்கும் புள்ளி. நொறுக்கிப் போட வேண்டியவை.

"இதாம்மா உன் சக்களத்தி," என்றாள் கலைமதி மெல்ல. "வேற பொம்பளை யாரும் இல்லை."

மஞ்சுளா அந்த மஞ்சள் மூடி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் அழுதாள்.

அழுகைக்கு நடுவே ஒரு பெயர் கிடைத்தது. இசக்கிபாண்டி. கேசட்டை விற்றுக் கொடுப்பவன். சனிக்கிழமை மாடியில் நின்று வசந்தகுமார் அவனோடு போனில் கத்திச் சண்டை போட்டது அவள் காதில் விழுந்திருந்தது.

* * *

இருங்காட்டுக்கோட்டையில் வரிசை வீடுகளின் கடைசி ரூம்.

இசக்கிபாண்டி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. கதவைத் திறந்தவன் போலீஸ் யூனிஃபார்மைப் பார்த்ததும் வியர்த்தான். வசந்தகுமார் செத்துப் போனான் என்றதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

அவனோடு தங்கியிருந்தவன் சிவசங்கர். அவனும் அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். சொந்த ஊர் படப்பைக்குப் பக்கம். ஷிப்டுக்கு வசதி என்று இங்கே ரூம் எடுத்திருந்தான். அவன் வியர்க்கவில்லை. போலீஸுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

கலைமதி இருவரையும் தனித்தனியாக விசாரித்தாள்.

சிவசங்கர் மளமளவென்று பேசினான். வசந்தகுமார் யாரென்றே தெரியாது, நேரில் பார்த்ததும் இல்லை என்றான்.

"நேத்து எங்கே இருந்தே?"

"ரூம்லதான் மேடம். மத்யானம் சாப்ட்டு ரெண்டு பேரும் கேம்ல உக்காந்தோம். ஹெலிகாப்டர் கேமு. பாலத்த ஒடைக்கணும். மூணாவது ஸ்டேஜ் வரைக்கும் போனோம். இசக்கிதான் ஜெயிச்சான். பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் எங்கியும் நவுரல."

இசக்கிபாண்டியை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் அதே கேள்வியைக் கேட்டாள்.

"ரூம்லதான் இருந்தேன் மேடம். ஹெலிகாப்டர் கேம் ஆடினோம். பாலத்த உடைக்கணும். மூணாவது ஸ்டேஜ் வரைக்கும் போனோம். நான்தான் ஜெயிச்சேன்."

ஹெலிகாப்டர். பாலம். மூன்றாவது ஸ்டேஜ். வரிசை மாறவில்லை.

ரூமில் டிவிக்குக் கீழே இருந்த கேசட்டைக் கைப்பற்றிக்கொண்டு படியிறங்கும்போது கலைமதி சொன்னாள்:

"ஒரே கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த ரெண்டு பேர் சாப்பாட்டைப் பத்தி ரெண்டு விதமா சொல்லுவாங்க ஏட்டு. இவங்க ஒப்பிக்கறாங்க."

"அந்த திருநெல்வேலிக்காரன்தான் மேடம். வேர்த்துக் கொட்டறான். சண்டையும் போட்டுகீறான். சிப்பு வெச்சிருக்கற ஸ்டோர்ஸ்லதான் வேலையும் பாக்கறான்."

கலைமதி கையிலிருந்த கேசட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிணத்தின் பையில் இருந்த அதே மஞ்சள்... அதே ஸ்டிக்கர்.

"இதை ஆடிப் பார்க்க முடியுமா?"

ஜெபகுமாரின் முகம் மலர்ந்தது. அந்தப் பழைய கேம் பெட்டியை அவர் வீட்டில் இன்னும் பத்திரமாக வைத்திருந்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல்.

* * *

மதியம். ஸ்டேஷன் டிவியில் செய்தி நின்று, சின்னப் பீப்பி ஊதுவது போல ஒரு இசை கிளம்பியது.

கான்ஸ்டபிள்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

திரையில் நானூறு பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடின. ஜெபகுமார் ஹெலிகாப்டர் கேமைத் தேடிப் பிடித்து பட்டனை அழுத்தினார்.

திரை ஒரு முறை இருண்டது.

வந்தது... பீரங்கி வண்டி.

"தப்பா அமுக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

மறுபடி அழுத்தினார். மறுபடியும் பீரங்கி. அடுத்த பெயர், ஃபுட்பால். அதற்கடுத்தது செங்கல் உடைக்கும் ஆட்டம். அதற்கும் அடுத்தது பழைய பீரங்கியே, வேறு பெயரில். ஜெபகுமார் பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டி முடித்தபோது விஷயம் விளங்கிவிட்டது. பெயர்தான் நானூறு. உள்ளே இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்கள்தான். தேறாத சிப்பில் அதற்கு மேல் இடம் இல்லை. வசந்தகுமார் அவற்றுக்கே பெயர் மாற்றி மாற்றி வைத்திருந்தான்.

பிணத்தின் பையில் இருந்த கேசட்டையும் சொருகினார்கள். அதிலும் அதே கதை.

ஹெலிகாப்டர் எதிலும் இல்லை. பாலம் இல்லை. மூன்றாவது ஸ்டேஜ் இல்லை.

ஸ்டிக்கரில் மட்டும் இருந்தது.

"ஆடவே இல்ல," என்றார் ஜெபகுமார். "ஸ்டிக்கரைப் பார்த்து கதை கட்டியிருக்கானுங்க."

"இசக்கிபாண்டியைக் கூட்டிக்கிட்டு வாங்க."

* * *

டிவியில் பீரங்கியைப் பார்த்ததும் இசக்கிபாண்டியின் தோள்கள் தொங்கிவிட்டன.

"நீ விக்கற கேசட்டுடா இது. உள்ள என்ன இருக்குன்னு ஆடிப் பார்த்ததில்லையா?"

"அல்வாக் கடைக்காரன் அல்வா திங்கானா மேடம்? சனிக்கெழமதான் இந்த சரக்கு வந்துச்சு. ஸ்டிக்கர ஒட்டுததோட என் வேல சரி."

"ஞாயித்துக்கிழமை எங்கே போனே?"

இசக்கிபாண்டி டிவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வசந்தகுமார் தலையில கல்லைப் போட்டதுக்குக் காரணத்தையாவது சொல்லு."

"நான் கொல்லல மேடம். ஆனா அவனக் காட்டிக் குடுத்தேன்."

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. திங்கட்கிழமை கம்பெனியில் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று சனிக்கிழமை போனில் வசந்தகுமார் சொன்னானாம். அதுதான் சண்டை. அவன் சொல்லி வேலை போவதைவிட, தானே முந்திக்கொண்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டான் இசக்கி. ஞாயிறு மதியம் கம்பெனியின் விஜிலன்ஸ் அதிகாரி நரசிம்மனிடம் போய், வசந்தகுமார்தான் கேசட் பண்ணுகிறான் என்று போட்டுக் கொடுத்துவிட்டான். நரசிம்மன் அவனை விடவில்லை. பொழுது சாயும் வரை உட்கார வைத்துக் குடைந்தார்.

"சேக்காளிய வித்துட்டு வந்தேன். அத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்ல?"

சிப் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள் கலைமதி. அது வசந்தகுமாருக்கு மட்டுமே தெரியும் என்றான்.

நரசிம்மனுக்குப் போன் போனது. அவர் உண்மை என்றார். கம்பெனி கேமராவிலும் இசக்கிபாண்டி இருந்தான். மதியம் நுழைகிறான். இருட்டுகிற நேரத்தில் வெளியே வருகிறான்.

ஜெபகுமார் பெருமூச்சு விட்டார். கையில் இருந்த ஒரே குற்றவாளியும் நழுவிவிட்டான்.

கலைமதி மட்டும் இன்னும் இசக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த ஹெலிகாப்டர் கதை... யார் யோசனை?"

"சிவாதான் சொன்னான். எங்கல போனன்னு கேட்டான். நான் முழிச்சேன். 'யாராவது கேட்டா ரெண்டு பேரும் ரூம்லதான் கேம் ஆடினோம்னு சொல்லிக்கலாம்'னான். எனக்கும் அது வசதியா இருந்துச்சு. ஆபத்துக்கு ஒதவுதானேன்னு நெனச்சேன்."

"எப்ப சொன்னான்?"

"நான் கம்பெனில இருந்து திரும்பினதுமே."

"ஞாயித்துக்கிழமையே?"

"ஆமா மேடம்."

ஜெபகுமார் கலைமதியைத் திரும்பிப் பார்த்தார்.

பிணம் கிடைத்தது திங்கட்கிழமை காலையில்.

* * *

சிவசங்கர் எங்கேயும் ஓடவில்லை.

நண்பனுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து, ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கலைமதியைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னா மேடம், இசக்கிய வுட்ருவீங்களா? பாவம், அவன் நல்ல பையன்."

"நல்ல பையன்தான். உள்ளே வா."

கம்பெனியில் அவனுக்கு என்ன கான்ட்ராக்ட் வேலை என்று அப்போதுதான் கேட்டாள். தயங்கினான். அப்புறம் சொன்னான். ஸ்க்ராப் யார்டு. சிவப்புப் புள்ளி வைத்த சிப்புகளை நொறுக்கும் இடம்.

"நேத்து சாயங்காலம் வசந்தகுமார் செத்தது யாருக்குமே தெரியாது. போலீஸுக்குத் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரியாது. அந்த நேரத்துல யார் கேப்பாங்கன்னு நீ பதில் தயார் பண்ணினே?"

"சும்மா... பேச்சுக்கு சொன்னேன் மேடம்."

"உன் போன் நம்பரைக் குடு. நேத்து அது எந்த டவர்ல இருந்துச்சு, யார்கிட்ட பேசிச்சுன்னு கேட்டுப் பார்ப்போம்."

சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. முகமே தெரியாது என்று சொன்ன வசந்தகுமாரோடு, பல மாதங்களாகப் பேச்சு. ஞாயிறு மதியம் சிவசங்கரின் போன் செம்பரம்பாக்கத்தில்.

அதற்கு மேல் அவன் பிடிவாதம் தாங்கவில்லை. நொறுக்க வேண்டிய சிப்புகளை வெளியே கடத்தியது அவன்தான். பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வசந்தகுமாரை ஏரிக்கரைக்கு வரச் சொன்னான். இதுதான் கடைசி, வேண்டுமானால் வைத்துக்கொள் என்று வசந்தகுமார் புதுக் கேசட்டை நீட்டினானாம். நாளைக்குக் கம்பெனியில் எல்லார் பெயரையும் சொல்லிவிடுவேன், பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றானாம். கேசட்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நடந்தவனின் பின்னால், சிவசங்கர் கல்லை எடுத்தான். போனை ஏரியில் எறிந்தான்.

கலைமதி படப்பைக்குத் தானே போனாள். மஞ்சுளாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதற்காகத்தான் அவன் அன்றைக்குப் போனான் என்பதை மட்டும் சொன்னாள். மஞ்சுளா தலையை ஆட்டினாள். கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

கலைமதி ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது இசக்கிபாண்டி இன்னும் அங்கேதான் இருந்தான். கேசட் வழக்கு அவன் மேல் பாக்கி இருந்தது. சிவசங்கரை ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னக் காப்பாத்தத்தான் பொய் சொன்னாம்னு நெனச்சேன் ஏட்டய்யா," என்றான். "அவனுக்காகவா சொல்லிருக்கான்?"

ஜெபகுமார் அவன் தோளில் கை போட்டார்.

"இன்னாபா புரியலியா? 'ரூம்லதான் இருந்தான்'னு உனக்கு ஒரு அலிபி குடுத்தான், அவனுக்கு ஒண்ணு ஃப்ரீயா எடுத்துகினான். ஆஃபர்னா கொஞ்சம் பாத்து வாங்கணும் தம்பி... ரெண்டுமே டூப்ளிகேட்டு!"