வரைபடத்தில் ஒரு ஓட்டை

காலை 8.40. நகர மண்டபச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்த டிராம் வரைபடத்தில் ஒரு முழச் சதுரம் காணவில்லை. வெட்டின இடத்தில் சுண்ணாம்புச் சுவர் பல்லிளித்தது.

பதினொரு மணிக்குப் பொதுமக்கள் கூட்டம். புதிய டிராம் பாதையில் எங்கெங்கே நிறுத்தம் என்று அன்றுதான் முடிவாகும். இரண்டு மாதமாக ஊரார் அந்த வரைபடத்தில் ஒட்டச் சொல்லிக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினமும் போய்வரும் வழியைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். ஒரு பகுதியில் இருபது கோடு சேர்ந்தால் அங்கே ஒரு நிறுத்தம். கூட்டம் தொடங்கும்வரை யார் வேண்டுமானாலும் கோடு போடலாம். காணாமல் போனது பெரிய சாலைக்கு அப்பாலிருக்கும் சந்துப் பகுதி. கோடு போனால் அந்தச் சனங்களுக்கு நிறுத்தமும் போச்சு.

8.55. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது வாசலில் கூட்டம் தீர்ப்பே எழுதி முடித்திருந்தது. குற்றவாளி 'மீசை', கடைக்காரர் சங்கத் தலைவர். அங்கே நிறுத்தம் வந்தால் கடை முகப்பு இடிபடும் என்று தொண்டை கிழியக் கத்தியவர். போதாக்குறைக்கு, ஏழரை மணிக்கு அவர் மண்டபத்துக்குள் நின்றதைப் பெருக்குகிற அம்மாள் பார்த்திருக்கிறாள்.

"ஏழரைக்கு இங்க என்ன வேலை?"

"முன்வரிசையில துண்டு போட வந்தேம்மா. பின்னாடி உக்காந்து கத்தினா யாரு காதுல விழும்?"

"வெட்டினது நீங்களா?"

"எதிர்க்கிறதுன்னா மேடை ஏறி எதிர்ப்பேன். திருட்டுத்தனமா காகிதம் வெட்டுற ஆள் நான் இல்ல."

பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். இன்ஸ்பெக்டர் அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

9.20. திட்ட அலுவலகத்தின் வரைபடக்காரர் வந்து நின்றார். மெலிந்த மனிதர். உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்.

"சீட்டெல்லாம் யார் ஒட்டினது?"

"ஒண்ணு விடாம நான்தாம்மா. இருநூத்திப் பதினாலு. கோட்டையும் சேர்த்துப் பதிவேட்டுல ஏத்தியிருக்கேன்."

"வீடு எங்க?"

அவர் சுவரிலிருந்த ஓட்டையைக் காட்டினார். "அதுக்குள்ளதான்."

"அப்போ நடந்தா பத்து நிமிஷம்."

"நான் மேம்பாலம் சுத்தி வருவேன். ஒரு மணி நேரம் ஆகும். பெரிய சாலையை இப்பல்லாம் தாண்டுறதில்லம்மா."

இன்ஸ்பெக்டர் அம்மா சுவரருகே போனார். ஓட்டையின் நான்கு ஓரமும் ஸ்கேல் வைத்து வெட்டிய நேர்த்தி. மற்ற இடங்களில் தள்ளித் தள்ளி இருந்த சீட்டுகள், ஓட்டையைச் சுற்றி மட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒன்றைத் தொட்டார். பசை விரலில் ஒட்டியது.

ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடிக்க அரை மணி நேரம் பிடித்தது. இருநூற்றுப் பதினாலு. பிறகு பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. இந்த உத்தியோகத்தில் முதல் தடவையாக, கண்டுபிடித்ததை வெளியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

10.15. மீசை, வரைபடக்காரர், திட்ட அதிகாரி மூவரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் ஓட்டையைப் பார்த்தீங்க. ஒரு சீட்டுகூடத் தொலையலங்கிறதை யாரும் பார்க்கல. வெட்டினவர் அந்தச் சதுரத்துல இருந்த சீட்டையெல்லாம் கிழியாம உரிச்சு, ஓரத்துல திரும்ப ஒட்டிட்டுப் போயிருக்கார். நிறுத்தம் வேண்டாங்கிறவர் அந்தப் பாடு படுவாரா? மத்தவங்க பேச்சு வீணாகக் கூடாதுன்னு நினைச்ச ஆள் அவர். அவருக்கு வேண்டியது பென்சில் கோடு."

பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "இங்க இருபது கோடு பதிவாயிருக்கு. பத்தொன்பதுல போற வழியும் வர்ற வழியும் இருக்கு. ஒண்ணுல மட்டும், 'பெண், வயது 19, வீட்டிலிருந்து செவிலியர் பள்ளி, போகும் வழி மட்டும்.' வீட்டு விலாசம்..." வரைபடக்காரரைப் பார்த்தார். "உங்க விலாசம்தானே அண்ணா?"

வரைபடக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"என் பொண்ணும்மா. கோடு போட்ட மூணாம் வாரம், பெரிய சாலையைத் தாண்டுறப்ப லாரி அடிச்சிருச்சு." சட்டைக்குள்ளிருந்து மடிக்காத காகிதச் சுருளை எடுத்தார். "கூட்டம் முடிஞ்சதும் இதைக் காகிதக் கூழாக் கரைக்கப் போட்டுடுவாங்க. அவ கை பட்டது வேற எதுவும் என்கிட்ட இல்ல. கேட்டா பொதுச்சொத்துன்னு சொல்லுவாங்க. அதான்."

"இது இல்லாம அந்தச் சந்துக்கு நிறுத்தம் வராதுண்ணா. நாளைக்கு இன்னொரு பொண்ணும் அதே சாலையைத் தாண்டித்தானே டிராம் பிடிக்கணும்?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்துத் தானே எழுந்து பசை டப்பாவைத் தேடினார். அவர் ஒட்டும்போது காகிதம் நழுவாமல் மேல்மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றது மீசை. தன் கடை முகப்புக்கு அதுதான் கேடு என்று மீசைக்குத் தெரியும்.

10.50. திட்ட அதிகாரி வரைபடக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், தப்பா நினைக்காதீங்க. போற வழி மட்டும் இருக்கிற கோடு கணக்குல சேராது. திரும்பி வர்ற வழியும் இருந்தாத்தான் இருபது."

"கிளாசுக்கு நேரமாச்சுப்பா, அதை அப்புறம் போடறேன்னு ஓடினா."

வரைபடக்காரர் பென்சிலைக் கையில் எடுத்தார். பள்ளி வாசலில் தொடங்கினார். பெரிய சாலைக்கு முன்னால் கை நின்றது. பிறகு மெதுவாக அதைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, மகளை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.